பலகையில் எழுதாத லைன் வீடு

ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டு மாணவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ‘லைன்’ என்பது அந்தச் சொல். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எந்திரங்களைப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு வேப்பங்காய். அதிலும் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள், பெயரைக் கேட்டால்கூடக் கடைசி பெஞ்சில் நடுங்குவார்கள். அதனால் இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குகிற ஒரு சொல்லை எடுத்துப் பிரித்துக் காட்டுவேன்.

“லைன்னு சொன்னா உங்களுக்கு என்னென்ன தோணுது? தமிழ்லயே சொல்லுங்க.” இவ்வளவுதான் என் கேள்வி. உடனே வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். ரேஷன் கடை லைன். கரண்ட் லைன். லைன்மேன். லைன் பிஸி. ஆன்லைன். யாராவது ஒருவன் “லைன் அடிக்கிறது” என்பான், பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, இத்தனைக்கும் தாய் ஒரு செடி என்று ஆரம்பிப்பேன். ஆளிவிதை தெரியுமில்லையா, கொழுப்பு குறைய வேண்டுமென்று வீட்டில் வறுத்துத் தின்கிறார்களே, அந்தச் செடிதான். அதன் தண்டிலிருந்து நார் எடுத்து நூல் முறுக்கினார்கள். லத்தீன்காரர்கள் அந்த நூலுக்கு வைத்த பெயரிலிருந்துதான் லைன் வந்தது. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. கோட்டில் ஆட்கள் நின்றால் வரிசை. எழுத்துகள் நின்றால் வரி. லினன் துணியும் அதே செடியின் பிள்ளை. மேல்சட்டைக்கு உள்ளே அந்தத் துணியை வைத்துத் தைத்தார்கள், அதனால்தான் இன்றும் தையல்கடையில் “ஜாக்கெட்டுக்கு லைனிங் வைக்கட்டுமாங்க?” என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில் பெண்பிள்ளைகள் “ஓ” என்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

பல வருடங்களாக இந்த வகுப்பை எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். கோயம்புத்தூரில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடிய ஒரு லைனை யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அது. இந்த வருடம் சொல்லிவிட்டாள்.

கடைசி பெஞ்சில் இருந்தாள், ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. நான் மணி பார்த்துக்கொண்டே துடைப்பானை எடுத்தபோது எழுந்து நின்றாள்.

“மேடம், லைன் வீட்ட விட்டுப்போட்டீங்க.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முதல் நாள், முதல் வகுப்பு, தைரியத்தைத் திரட்டி எழுந்திருக்கிறாள். அவளைப் போன்றவர்களை எழுந்து நிற்க வைக்கத்தான் நான் அந்த வகுப்பையே எடுக்கிறேன்.

“அது இங்கிலீஷ் இல்லம்மா” என்றேன். “நம்ம ஊர்ல சும்மா அப்படிச் சொல்லிப் பழகிட்டாங்க. அகராதியில எல்லாம் வராது. எழுத வேண்டாம்.”

அவள் “சரிங்க மேடம்” என்று உட்கார்ந்து, தன் நோட்டில் எழுதியிருந்த எதையோ அடித்தாள். ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள்.

நான் சொன்னது பச்சைப் பொய். படைவீரர்களின் கூடாரங்கள், தோட்டத் தொழிலாளிகளின் குடியிருப்புகள், வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள் எல்லாமே லைன்தான், தடித்த அகராதியில் தெளிவாகப் போட்டிருக்கிறது. வால்பாறை எஸ்டேட்டில் கேட்டுப் பாருங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள அகராதியும் தேவையில்லை. இருபத்துநான்கு வயதுவரை நான் குடியிருந்ததே கணபதியில் ஒரு லைன் வீட்டில்தான்.

ஒரு நீளமான ஓட்டுக்கூரை. அதன் கீழே எட்டு வீடுகள். வீடு என்றால் ஒரு அறை, அதற்குப் பின்னால் நின்றுகொண்டு சமைக்க ஓர் இடம். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய், கடைசியில் இரண்டு கக்கூஸ். எங்களுடையது நான்காவது வீடு. அப்பா லேத் பட்டறையில் இருந்தார், அம்மா கிரைண்டர் கம்பெனியில் பேக்கிங். மூன்றாவது வீட்டில் பெரியம்மா இருந்தார். ரத்த உறவு இல்லை. நான் பேசப் பழகிய நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். ஸ்பின்னிங் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை, கணவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. முதல் ஷிஃப்ட் முடித்து மூன்றரைக்கு வருவார், நான் பள்ளிவிட்டு நாலரைக்கு வருவேன். அம்மா வர ஏழாகும். அந்த இரண்டரை மணி நேரமும், பதினைந்து வருடம், நான் அவருடைய பிள்ளை. என் தலைமுடியில் எப்போதும் அவர் மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும். தண்ணீர் வரும் நாளில் என் குடத்தையும் அவரே நிரப்பி எங்கள் வாசலில் வைப்பார். “நீ படி சாமி. குடம் தூக்க நானிருக்கறேன்” என்பார்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும், அவர்களை லைனுக்குள் விடமாட்டோம். ரோட்டைப் பார்த்தபடி வீட்டுக்காரர் குடியிருந்த முன்வீடு ஒன்று உண்டு, கேட், ஹால், சோபா எல்லாம் உள்ள வீடு. வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி. பெண் பார்க்கும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அது எங்கள் வாடகை வீடு என்று வருபவர்களிடம் சொல்லிக்கொள்வோம். எட்டு வீடும் சேர்ந்து நடிக்கும். கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவார்கள். குழந்தைகளை மைதானத்துக்கு ஓட்டிவிடுவார்கள். எட்டுக் கதவையும் சாத்தி, மூச்சுவிடாமல் உள்ளே இருப்பார்கள், குடோன் என்று நினைக்கட்டும் என்று. எனக்கு முன்னால் மூன்று பெண்கள் அந்த சோபாவில் உட்கார்ந்து கல்யாணமாகிப் போயிருந்தார்கள். யாரும் இதைப் பொய் என்று நினைக்கவில்லை. ஆறாவது வீட்டில் பட்டுப்புடவை இரவல் வாங்குவது மாதிரி இதுவும் ஓர் இரவல்.

என் முறை வந்தபோது, முந்தின நாளே பெரியம்மா போய் முன்வீட்டைக் கூட்டித் துடைத்தார். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். “உங்கம்மா ஹால்ல உக்காந்துக்கட்டும். அடுப்படிய நான் பாத்துக்கறேன்” என்றார். மறுநாள் ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்தார்கள், மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. என் அம்மா விசிறியைப் போடுகிறேன் என்று சுவரில் கைவைத்தார். ஒரு விளக்கு எரிந்தது. அணைத்தார். வாசல் விளக்கு எரிந்தது. நான்காவது சுவிட்சில்தான் விசிறி சுற்றியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், பெண் பார்க்கும் இடத்தில் அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

பெரியம்மா மட்டும் தடுமாறவே இல்லை. காப்பி, பலகாரத் தட்டு, தண்ணீர் என்று சொல்லிவைத்தாற்போல் வந்தது. வெளுத்த புடவை, கையில் துண்டு. மாமியாராகப் போகிறவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டார்.

“வேலைக்கு நல்ல ஆளா வெச்சிருக்கீங்க அம்மணி. எத்தன வருஷமா இருக்கறாங்க?”

பெரியம்மா அப்போது எங்களிடமிருந்து இரண்டடி தூரத்தில், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். ‘இவங்க என் பெரியம்மாங்க’ என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. முன்வீட்டு நாடகம்கூடக் கெட்டிருக்காது. ஆனால் அந்த ஹாலும் சோபாவும் என் தலைக்கேறியிருந்தன. வேலைக்காரி இருக்கிற வீட்டுப் பெண்ணாக ஒரு நிமிடம் இருந்து பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. உண்மை அதுதான். பயத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பயமில்லை, ஆசை.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப இருந்தே எங்க வீட்டுலதாங்க வேலை செய்யறாங்க” என்றேன்.

டம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று உரசின. அவ்வளவுதான். பெரியம்மா உள்ளே போனார். அன்று மாலை என்னைப் பார்த்தபோது, “மாப்பிள்ள நல்ல நெறமா இருக்கறாப்ல” என்று சிரித்தார். அவருக்குக் காதில் விழவில்லை என்று முடிவுசெய்துகொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

கல்யாணம் நிச்சயமானதும் அப்பா தனியாகக் கேட் வைத்த ஒரு சின்ன வீட்டுக்கு எங்களைக் குடிமாற்றினார். கணவரிடம் லைன் வீட்டைப் பற்றி முதல் மாதமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அம்மாகிட்டச் சொல்லிக்க வேண்டாம்” என்றார். பெரியம்மாவைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

மகள் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம் எனக்குக் கட்டுச்சோறு விருந்து வைத்தார்கள். பிறந்த வீட்டார் சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மாவோடு பெரியம்மாவும் வந்தார். சந்தன நிறத்தில் புதுப் புடவை, கையில் ஒரு பெரிய போசி நிறையப் புளிசோறு. எனக்கு அது எவ்வளவு பிடிக்குமென்று அவருக்குத்தான் தெரியும். வீடு முழுக்க உறவுக்கூட்டம். மாமியார் வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தவர், பெரியம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வாங்க வாங்க. கடவுளாட்ட வந்தீங்க. ஏனுங்க, எங்க வேலைக்காரம்மா இன்னைக்குன்னு பாத்து வரலீங்க. பொறகால அந்தப் பாத்திரத்த மட்டும் கொஞ்சம் தேச்சுக் குடுத்துர்றீங்களா?”

எங்கள் ஊர் மரியாதை அப்படி. பாத்திரம் தேய்க்கச் சொன்னாலும் இரண்டு ‘ங்க’ போட்டுத்தான் சொல்வோம்.

நான் நாற்காலியில் இருந்தேன், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். பெரியம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். கோபப் பார்வை இல்லை. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிற பார்வை. நான் வளையல்களை ஒதுக்கிவிடுவதுபோல் குனிந்துகொண்டேன். அம்மாவும் பக்கத்தில்தான் நின்றார், அம்மாவும் பேசவில்லை.

“அதுக்கென்னங்கம்மா” என்றார் பெரியம்மா. புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். பந்தி முடியும்வரை பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது வந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். “நல்லா இரு கண்ணு” என்றார். அந்த வீட்டுக்கு அவர் பிறகு வரவில்லை. அப்பாவும் அம்மாவும், திருப்பூரில் வேலை கிடைத்த என் தம்பியோடு அங்கேயே போய்விட்டார்கள், எனக்கும் கணபதிப் பக்கம் போகக் காரணம் இல்லாமல் போயிற்று. காரணம் இல்லை என்று சொல்வதுகூட என் வழக்கமான சாமர்த்தியம்தான். கல்லூரிக்குப் போகும் வழியில் தினமும் கணபதியைத் தாண்டித்தான் போகிறேன்.

இப்போது அந்த மாணவிக்கு வருகிறேன். மறுநாள் வகுப்பில், “நேத்து நான் சொன்னது தப்பு. லைன் வீடுங்கறதும் சரியான ஆங்கிலம்தான், அகராதியிலயே இருக்கு” என்று பலகையில் எழுதினேன். அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்தது என்று சொல்ல முடியாது. வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்தாள்.

“மேடம், நாங்க லைன் வீட்டுலதானுங்க இருக்கறோம். நீங்க பாத்திருக்கீங்களா?”

“புத்தகத்துல படிச்சிருக்கேன்மா” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. பதினேழு வருடம் கழித்து, யாரும் மிரட்டாமல், எனக்கு இனி இழக்க எதுவுமே இல்லாத ஓர் இடத்தில், மறுபடியும் அதே பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து, இப்போது மறைக்காமல் சாப்பிடவே தெரியாது என்று ஆகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். லைன் அப்படியே இருந்தது. பாதி வீடுகளில் பட்டறை வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் இருந்தார்கள், கொடியில் அவர்கள் சட்டைகள் காய்ந்தன. மூன்றாவது வீட்டு வாசலில் பெரியம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. முதலில் பஞ்சுத்தூள் என்றே நினைத்தேன்.

“வா கண்ணு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழிநெடுகச் சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. வாத்தியாரம்மாவான எனக்கு வந்ததெல்லாம் பாடம்தான். லைன் என்ற வார்த்தை ஒரு நூலிலிருந்து வந்தது பெரியம்மா, என்றேன்.

“நூலா? பருத்தியா?”

“இல்லீங்க. அது வேற செடி.”

“அப்ப நம்ம மில்லுல ஓடாது” என்று கீரையை ஒதுக்கினார்.

“பெரியம்மா, எங்க வீட்டுக்கு வாங்க. இப்பவே. நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏஞ்சாமி, விசேஷமா? ஆளு கெடைக்கலையா?”

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு ஆள் தேவையென்றால் வரத் தயாராக, புடவை மாற்ற எழுந்துகொண்டிருந்தார். நான் அங்கேயே அழுதேன். அவர் காரணம் கேட்கவில்லை, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆர்.எஸ்.புரம் வந்து வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் பெரியம்மாவைக் காணோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் பின்வாசலுக்குப் போகிற சந்தில் பாதி தூரம் நடந்துவிட்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகக் கூட்டிவந்தேன். ஹாலில் மாமியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அட, உங்க வேலைக்காரம்மா! நல்லாருக்கீங்களா? எத்தன வருஷமாச்சு பாத்து!”

“அத்தை, இவங்க வேலைக்காரம்மா இல்லீங்க” என்றேன். “என்னை வளத்தவங்க. நான் பெரியம்மான்னு கூப்புடறவங்க. நாங்க லைன் வீட்டுல இருந்தோம், இவங்க பக்கத்து வீடு. அன்னைக்கு நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

மாமியார் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார்.

“இல்லீங்கம்மா, புள்ள என்னமோ பேசுது. நான் வேலைக்குத்தானுங்க இருந்தேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

பதினேழு வருடமாக என் பொய்யை எனக்காக அவர்தான் சுமந்துகொண்டிருந்தார். நானே கீழே போட்ட பிறகும் குனிந்து எடுத்துக்கொள்கிறார். அவர் காதில் விழவில்லை என்று நான் முடிவுசெய்திருந்தேனே, அதை நினைத்தபோது உடம்பு கூசியது.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பெரியம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, சோபாவில் உட்காரவைத்தார். “உக்காருங்க சம்பந்தி” என்றார். பெரியம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். காப்பியை மாமியாரே போட்டுக்கொண்டு வந்தார். குடித்து முடித்ததும் பெரியம்மா டம்ளரோடு எழப் பார்க்க, மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டார். என் மகள் டியூஷன் முடிந்து வந்து “யாரும்மா?” என்று கேட்டபோது, “உனக்கு அம்மச்சி ஆகோணும்” என்று பதில் சொன்னதும் மாமியார்தான்.

பெரியம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மாமியார் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். நான் “மன்னிச்சுக்கங்க அத்தை” என்று ஆரம்பித்தேன்.

“ஊடு எரவல்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மணி” என்றார். “சொந்த ஊட்டுல யாராச்சும் ஃபேன் சுவிச்சத் தேடுவாங்களா? லைன் வீடுன்னும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பொண்ணு எடுத்தோம். அதுல எனக்கு ஒண்ணுங் கொறையில்ல.”

குழாயைத் திறந்தார்.

“அந்தம்மா விசயத்துலதான் ஏமாந்துபோட்டேன். லைன் வீட்டுல வேலைக்காரியான்னு அப்பவே தோணுச்சு. ஆனா நீயே உன் வாயால சொன்ன. சொந்தத்த யாராச்சும் வேலைக்காரின்னு சொல்லுவாங்களான்னு நம்பிப்போட்டேன். அவங்க கையில எச்சப் பாத்திரத்தத் தேய்க்கக் குடுத்துப்போட்டேனே.”

பெரியம்மா குடித்த டம்ளரை அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.